வீடு எழும்பும் வரை: உங்கள் வளவில் தற்காலிகக் கொட்டில் அமைத்தல்

நலன்புரி நிலையத்திலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்திருக்கலாம், அல்லது வருமெனக் காத்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அத்திவாரம் வெட்டும் நாளிலிருந்து கூரை போடும் நாள் வரை குடும்பம் எங்காவது இருக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு மழைகாலமாவது கொட்டிலில்தான் கழிகிறது. அந்தக் கொட்டிலை எங்கே, எப்படி, எவ்வளவு செலவில் போடுவது என்பதை இந்தப் பகுதி விளக்குகிறது.

தொடங்கும்போதே ஒரு விடயத்தை மனதில் வையுங்கள். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிதாகக் கட்டும் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. வேலை முன்னேற முன்னேற, அந்தப் பணம் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. வேறு திட்டங்களிலும் முறை ஏறக்குறைய இதுதான். முதல் தவணையிலிருந்து கொட்டிலுக்குப் பணம் எடுத்தால் அத்திவாரம் பாதியில் நிற்கும். அத்திவாரம் முடியாவிட்டால் அடுத்த தவணை வராது. அடுத்த தவணை வராவிட்டால் கொட்டிலே வீடாகிவிடும். ஆகவே கொட்டிலுக்குச் செலவைக் குறைத்து, பிறகு கழற்றி வேறு வேலைக்கு எடுக்கக்கூடிய பொருட்களால் அதைப் போடுங்கள்.

முதலில் நிலம்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னர், உங்கள் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். உங்கள் காணி துப்புரவாக்கப்பட்டிருந்தாலும் பக்கத்துப் பற்றைக்காடு துப்புரவாக்கப்படாமல் இருக்கலாம். தடி வெட்டவும் கிடுகுக்கு ஓலை எடுக்கவும் அங்கே போக வேண்டாம். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். குப்பையைக் கூட்டி எரிக்கும் முன்னர் அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் கிடந்திருக்கின்றன. ஆகவே கிணறு இறைக்கும் வேலையை அறிவித்த பின்னர் மட்டும் தொடங்குங்கள்.

அடுத்தது பங்கர். வன்னியில் பதுங்குகுழி வெட்டப்படாத வளவு குறைவு. மூடப்பட்ட பங்கரின் மேல் மண் இறுகியதுபோலத் தெரியும், ஆனால் ஒரு மாரி மழைக்கே அமிழ்ந்துவிடும். உங்களுக்கும் அயலவருக்கும் ஞாபகத்தில் உள்ள பங்கர்களின் இடங்களில் தடி நட்டு அடையாளம் வையுங்கள். வீட்டு அத்திவாரமும் கொட்டில் கப்பும் மலசலகூடக் குழியும் அவற்றின் மேல் வரக்கூடாது.

எல்லையில் பிணக்கு இருந்தால், அல்லது காணி அனுமதிப்பத்திரமோ உறுதியோ தொலைந்திருந்தால், கொட்டில் போடும் முன்னரே பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். கொட்டிலை மாற்றிப் போடலாம். வீட்டை மாற்றிக் கட்ட முடியாது.

கொட்டிலுக்கு முன் வீட்டின் முளை

பலர் நிழலும் கிணறும் உள்ள நல்ல மூலையில் கொட்டிலைப் போட்டுவிட்டு, வீடு தொடங்கும்போது அதுதான் வீட்டுக்கும் ஏற்ற இடம் என்று கண்டுகொள்கிறார்கள். அப்போது குடும்பத்தோடு கொட்டிலைப் பிடுங்க வேண்டிவரும். இதைத் தவிர்க்க, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கும்போதே வீட்டின் நான்கு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். பின்னர் கீழ்வரும் மூன்று விடயங்களைப் பார்த்துக் கொட்டிலுக்கு இடம் தெரிவு செய்யுங்கள்.

ஒன்று, வீட்டின் கயிற்றிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளியிருக்க வேண்டும். மணலும் கல்லும் பறிக்கவும், சாந்து குழைக்கவும், உழவு இயந்திரம் வந்து திரும்பவும் இடம் வேண்டும். சுவர் எழும்பும் காலத்தில் பிள்ளைகள் விளையாடும் முற்றம் வேலைத்தளத்தின் மறுபக்கமாக இருக்கட்டும்.

இரண்டு, மேட்டு நிலமாக இருக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் தறப்பாளுக்குள் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை உங்கள் வளவில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்பதை அந்த ஊரிலேயே இருந்த மூத்தவர்களிடம் கேளுங்கள். குளத்துக் கட்டின் கீழும், வாய்க்கால் ஓரத்திலும், வயல் மட்டத்திலும் வேண்டாம்.

மூன்று, காற்று. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும். ஆகவே வாசல் தெற்குப் பக்கமாக இருப்பது நல்லது. கிழக்கு வாசல்தான் வேண்டுமென்றால் முன்னால் ஒரு பத்தி இறக்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். எல்லாம் காய்ந்து கிடக்கும் அந்தக் காலத்தில்தான் கிடுகு தீப்பற்றும் ஆபத்து அதிகம். எனவே அடுப்பைக் கொட்டிலின் வடகிழக்குப் பக்கத்தில், குறைந்தது 15 அடி தள்ளி, தனிக் குசினியாக வையுங்கள். அப்போது சோளகம் தீப்பொறியைக் கொட்டிலை விட்டு வெளியே கொண்டுபோகும்.

எவ்வளவு பெரிது?

நிவாரணப் பணியில் உலகெங்கும் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு, ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 38 சதுர அடி. நான்கு பேருக்கு 150 சதுர அடி, ஆறு பேருக்கு 225 சதுர அடி என்று கணக்கிடுங்கள்.

உங்களிடம் எட்டு அடி நீளமான 12 கூரைத்தகரங்கள் இருந்தால், பக்கத்துக்கு ஆறாக இருபக்கச் சாய்வில் போடலாம். மேவி அடித்த பிறகு ஒரு பக்கம் ஏறக்குறைய 13 அடி நீளம் வரும். இதற்குக் கீழே 12 அடிக்கு 12 அடிக் கொட்டில் அமையும். நால்வர் குடும்பத்துக்கு அது மட்டுமட்டாகப் போதும். கூடப் பேர் இருந்தால் தகரம் வாங்கப் போகாமல், தறப்பாளாலோ கிடுகாலோ ஒரு பக்கத்தில் பத்தி இறக்குங்கள்.

கப்பு, வளை, கூரை

மேலே சொன்ன 12 அடிக் கொட்டிலுக்கு ஓரக் கப்புகள் எட்டரை அடி நீளமாக இருக்கட்டும். இரண்டடி நிலத்துக்குள்ளும் ஆறரை அடி வெளியிலும் நிற்கும். முகட்டு வளையைத் தாங்கும் நடுக்கப்புகள் 12 அடி வேண்டும். இந்த உயர வித்தியாசம் தண்ணீர் தங்காமல் ஓடப் போதுமான சாய்வைத் தரும். சாய்வைக் குறைத்தால் ஒழுக்கு வரும். கூரை தட்டையாக இருந்தால் காற்றும் இலகுவாகக் கிளப்பும்.

முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரண்டடி போதாது. மூன்றடி ஆழப்படுத்தி, கப்பின் அடியில் ஒரு குறுக்குத்தடி ஆணியடித்துப் புதையுங்கள். களிமண் நிலத்தில் கப்பைச் சுற்றிக் கல்லும் கிரவலும் போட்டு இடியுங்கள். கறையானுக்கு, நிலத்துக்குள் போகும் பகுதியை நெருப்பில் மேற்றோல் கருகும்வரை வாட்டுவது பழைய நல்ல முறை. கழிவு எண்ணெய் பூசினால் அது மழையோடு கிணற்றுக்குப் போகும்.

மரத்தைக் காட்டில் வெட்ட வேண்டாம். பாலை, முதிரை போன்ற மரங்களை வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் அனுமதி தேவை. சொந்தக் காணியில் நிற்கும் பனையைத் தறிப்பதற்கும் அனுமதி பெற வேண்டும்.

தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஆணிக்கு இறப்பர் வளையம் போடுங்கள். எவ்வளவு குறைவான துளையோ அவ்வளவு நல்லது, ஏனெனில் இந்தத் தகரம் பிறகு உங்கள் குசினிக்கோ மாட்டுக்கொட்டிலுக்கோ கோழிக்கூட்டுக்கோ வரப்போகிறது. ஒவ்வொரு கைமரத்தையும் கட்டுக்கம்பியால் வளையோடும், வளையைக் கப்போடும் இறுக்கிக் கட்டுங்கள். நான்கு மூலையிலும் கப்புக்கும் வளைக்கும் இடையே சாய்வாக ஒரு தாங்குதடி அடியுங்கள். காற்றில் கொட்டில் ஆடுவது இதனால் குறையும்.

தகரத்துக்குக் கீழே மதியத்தில் இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தகரத்தின் மேல் ஒரு வரிசைக் கிடுகு வேய்ந்து கட்டினால் வெக்கையும் மழைச்சத்தமும் குறையும். சுவருக்குக் கிடுகு, பனையோலை, தறப்பாள் எதுவானாலும், மேலே ஒரு அடி இடைவெளி விட்டு வலையோ தட்டியோ அடியுங்கள், காற்று ஓடும். உடைந்த பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளைப் பொறுக்கிக் கூரைக்கு எடுக்க வேண்டாம். அதன் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

நிலத்தை முற்றத்தை விட முக்கால் அடியாவது உயர்த்துங்கள். கிரவல் பரப்பி, நனைத்து, இடித்து, களிமண்ணும் சாணமும் மெழுகினால் போதும். கொட்டில் நிலத்துக்குச் சீமெந்து செலவழிக்க வேண்டாம். சுற்றிவர அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, வீட்டு அத்திவாரம் இல்லாத பக்கமாகத் தண்ணீரைத் திருப்பி விடுங்கள்.

உழவு இயந்திரப் பெட்டியில் தங்குவதென்றால்

இடப்பெயர்வின்போது பல குடும்பங்களுக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடாக இருந்தது. இப்போதும் சிலர் கொட்டில் போடும் வரை, அல்லது மழைக்குள் நனையாமல் படுக்க, பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். சில வாரங்களுக்கு இது பயனுள்ளது: நிலத்திலிருந்து உயர்ந்திருக்கும், வெள்ளமும் பாம்பும் இலகுவில் வராது. ஆனால் சரியாக நிறுத்த வேண்டும்.

இறுகிய, மட்டமான நிலத்தில் நிறுத்துங்கள். மூடிய பங்கரின் மேலோ புது மண்ணிலோ வேண்டாம். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இரண்டு சில்லுப் பெட்டியை இயந்திரத்திலிருந்து கழற்றினால், பின்பக்கம் ஆள் ஏறும்போது முன்பக்கம் கிளம்பும். ஆகவே முன் கொழுவியின் கீழும், பெட்டியின் நான்கு மூலைச் சட்டத்தின் கீழும் மரக்குற்றி வைத்து முட்டுக்கொடுங்கள். கல்லை அடுக்கி முட்டுக்கொடுத்தால் வெடித்துச் சரியும். பின்கதவைக் கம்பியால் கட்டி, ஏறி இறங்க ஒரு படி அடியுங்கள். பெட்டியின் கீழே எவரும், குறிப்பாகப் பிள்ளைகள், படுக்கவோ விளையாடவோ கூடாது.

மேலே தடியை வளைத்துக் கட்டித் தறப்பாளைச் சாய்வாகப் போடுங்கள். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் அடுப்பு, சிரட்டைக்கரி, மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் கூடாது. மூடிய இடத்தில் கரிப்புகை உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

அடைத்த பெட்டிக்குள் ஆட்களை இருத்துவதன் தீங்கு பணக்கார நாடுகளிலும் தெரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. 2005இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரினா சூறாவளிக்குப் பின், வீடிழந்த குடும்பங்களுக்கு அரசு சில்லு வைத்த பெட்டி வீடுகளைக் கொடுத்தது. சில மாதங்களுக்கென்று வந்தவர்களில் பலர் அதற்குள் வருடக்கணக்கில் இருந்தார்கள். பலகையிலும் பசையிலும் இருந்து வெளியேறிய போமல்டிஹைட் என்ற வாயு காற்றோட்டமில்லாமல் உள்ளேயே தங்கி, கண்ணெரிவும் மூச்சுக் கஷ்டமும் வந்ததாகக் குடும்பங்கள் முறையிட்டன. 2008இல் அரசின் சுகாதார நிறுவனமே அளந்து பார்த்து, கோடை வருமுன் அவர்களை வெளியேற்றும்படி கூறியது. உங்கள் பெட்டி இரும்பாகவும் மரமாகவும் இருக்கலாம். ஆனால் பூச்சிகொல்லிப் போத்தலும் உரமூட்டையும் அதற்குள் இருந்தால் ஏறக்குறைய அதே கதைதான். அவற்றை வெளியே எடுத்து, பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே பாயை விரியுங்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மணல், கல், கிரவல், தண்ணீர் எல்லாம் உங்கள் வளவுக்கு வர வேண்டியது பெட்டியில்தான். சொந்தப் பெட்டியை வீடாக முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, வாடகைப் பெட்டிக்குக் காசு கொடுத்தால், அந்தக் காசு சுவரிலிருந்து கழிகிறது. அத்திவாரம் தொடங்கும் முன்னர் கொட்டிலுக்கு மாறி, பெட்டியை வேலைக்கு விடுங்கள்.

தண்ணீரும் மலசலகூடமும்

மலசலகூடம் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும். மணல் நிலத்தில் 100 அடி விடுவது பாதுகாப்பு. உங்கள் கிணற்றை மட்டும் பார்க்காமல் அயலவரின் கிணற்றிலிருந்தும் அளவுங்கள். நிலம் சரிவாக இருந்தால் குழி கிணற்றுக்குக் கீழ்ப்புறம் வரட்டும். கொட்டிலுக்கென ஒன்று, வீட்டுக்கென ஒன்று என்று இரண்டு குழி வெட்ட வேண்டாம். வீட்டுத் திட்டத்தில் மலசலகூடம் வரும் இடத்தை இப்போதே தீர்மானித்து அதையே முதலில் கட்டி முடியுங்கள். வீடு முடியும்வரையும் அதன் பின்னரும் அதுவே போதும்.

பழைய கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவியுங்கள். அதன் பின்னரும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவையுங்கள். கட்டு இல்லாத கிணற்றைச் சுற்றி உடனே வேலி அடையுங்கள். திரும்பி வந்த வளவின் கிணறு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முகாமில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாது.

இரவு

கொட்டிலில் இரவு மூன்று ஆபத்துகள் உண்டு: பாம்பு, விளக்கு, அந்நியர்.

கட்டுவிரியன் பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. கடி நோகாது, வீக்கமும் பெரிதாக இராது. ஆகவே பலர் கவனிப்பதில்லை. விடியப்புறம் வயிற்றுநோவும் கண்மடல் தொங்குவதும் தொடங்கும். எனவே எல்லோரும் கட்டிலிலோ தட்டியிலோ உயரப் படுங்கள். இடமில்லாவிட்டால் நுளம்பு வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே முழுவதும் செருகுங்கள். நெல்மூட்டையையும் விறகையும் கொட்டிலுக்கு வெளியே வையுங்கள். எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். கடித்தது என்ற சந்தேகம் வந்தாலே, கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை அசையவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு சரிந்தால் ஒரு நிமிடத்தில் கிடுகு எரியும். இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணரான வைத்தியர் விஜய கொடகும்புர, இப்படி எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்தே, கட்டையான, பாரமான, தட்டைப் பக்கங்களும் திருகுமூடியும் உள்ள பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். அவருடைய முயற்சிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சூரிய விளக்கு இல்லாதவர்கள் அத்தகைய விளக்கைத் தேடி வாங்குங்கள். எந்த விளக்கானாலும் படுக்கும் முன் அணையுங்கள். வாசலில் ஒரு வாளி மணல் வையுங்கள்.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும் வயது வந்த பெண் பிள்ளைகள் உள்ள குடும்பங்களும், சுவரின் கீழ்ப்பாதியையாவது தகரத்தால் அடைத்து, உள்ளே பூட்டக்கூடிய கதவு போடுங்கள். மலசலகூடமும் குளிக்கும் மறைப்பும் கொட்டிலில் இருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும். அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் கொட்டில்களை எல்லை வேலிக்கு அருகே முகம் பார்த்துப் போட்டால், கூப்பிட்டால் கேட்கும். தொந்தரவு ஏற்பட்டால் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அல்லது பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் சொல்லலாம். அதனால் வீட்டுத்திட்டத்தில் உங்கள் பெயர் பாதிக்கப்படாது.

சீமெந்தும் வேலை நாட்காட்டியும்

கொட்டில் வீட்டுப் பொருட்களின் களஞ்சியமும் ஆகும். சீமெந்துப் பைகளை நிலத்திலிருந்து அரை அடி உயர்த்திய பலகையில், சுவரில் முட்டாமல், பத்துக்கு மேல் அடுக்காமல் வைத்துத் தறப்பாளால் மூடுங்கள். வந்த ஒழுங்கில் எடுத்து மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். கட்டிபட்ட சீமெந்தைத் தட்டி உடைத்துக் கலந்தால் சுவருக்குப் பலம் இராது. தேவைக்கு மேல் வாங்கி அடுக்குவதைவிட, வேலைக்கு ஏற்ப வாங்குவது நல்லது.

முடிந்தால் அத்திவாரத்தைப் புரட்டாதிக்கு முன் முடியுங்கள். மழைக்குள் வெட்டிய குழி இடிந்து விழும். மறுபக்கம், ஆடி ஆவணியில் கிணற்றில் தண்ணீர் வற்றும். அப்போது கல் அரிந்தால் நனைக்கத் தண்ணீர் இராது. ஆகவே தண்ணீர் உள்ள மாதங்களில் கல்லை அரிந்து, நனைத்து, அடுக்கி வையுங்கள். மேசன்மாருக்கு வயல் விதைப்புக் காலத்தில் வரமுடியாது என்பதையும் கணக்கிலெடுங்கள்.

வீட்டின் அளவைத் திட்டத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையைக் கூட்டித் தொடங்கி, நகையை ஈடுவைத்து, பின்னர் வட்டிக்கு வாங்கி, சுவர் மட்டத்தில் நின்றுவிட்ட வீடுகளை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். கூரை போட்ட சிறிய வீட்டுக்குப் பிறகு ஓர் அறை கூட்டலாம். கூரையில்லாத பெரிய வீட்டுக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியாது.

கொட்டில் போடும் முன் சரிபார்க்க

• காணி துப்புரவாக்கப்பட்டதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்தோமா?
• பங்கர், பழைய கிணறு, பழைய குழி எல்லாவற்றையும் அடையாளமிட்டோமா?
• வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் முளை அடித்தோமா?
• கொட்டில் வீட்டின் கயிற்றிலிருந்து 15 அடி தள்ளி, மேட்டில் இருக்கிறதா?
• அடுப்பு தனியாக, வடகிழக்குப் பக்கத்தில் இருக்கிறதா?
• எல்லோருக்கும் நிலத்திலிருந்து உயர்ந்த படுக்கையோ வலையோ உண்டா?
• கொட்டிலுக்காக வீட்டுத் தவணைப் பணத்தில் கை வைக்காமல் இருக்கிறோமா?

கப்பு நடவும் கூரை ஏற்றவும் ஆட்பலம் இல்லாத குடும்பங்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ மாதர் சங்கத்திடமோ சொல்லுங்கள். சிரமதானமாக ஒரு நாளில் ஒரு கொட்டில் போட்டுவிடலாம். எமது களப் பணியாளர் உங்கள் கிராமத்துக்கு வரும் நாளை கிராம அலுவலரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். இடம் தெரிவு செய்வதில் சந்தேகம் இருந்தால், கப்புக்குக் குழி வெட்டும் முன்னரே அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.